குறுங்குடல் நோயாளிகளும் செப்சிஸும்: வேலூர் முதல் ஒரகடம் வரை

சிறுகுடலின் பெரும்பகுதி அறுவை மருத்துவத்தில் நீக்கப்பட்டதாலோ, பிறவியிலேயே அமையாமற் போனதாலோ, எஞ்சிய குடலைக் கொண்டு உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும் சத்தையும் உறிஞ்ச இயலாத நிலை குறுங்குடல் நோய் எனப்படுகிறது. மருத்துவமனைகளில் இதை ‘ஷார்ட் பவல் சிண்ட்ரோம்’ என்றே சொல்கிறார்கள். வாய்வழி உண்பது போதாத நிலையில் இந்நோயாளிக்கு உணவு, இதயத்தை ஒட்டிய பெரிய சிரைக்குள் செருகிய மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தப்படுகிறது. அதே குழாய் வழியாகக் கிருமியும் உள்ளே செல்ல முடியும். தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிச் சிறுநீரகம், நுரையீரல், மூளை முதலிய உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலையே செப்சிஸ். குறுங்குடல் நோயாளி மருத்துவமனையில் இறப்பதற்கான முக்கியக் காரணங்களுள் இது ஒன்று.

இந்த இரண்டு நோய்களும் சந்திக்கும் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அந்த வரலாற்றின் இடங்கள் அமைந்திருக்கின்றன. மேற்கே வேலூர், கிழக்கே சென்னையின் தரமணி, இடையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் எனத் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. முதலிரண்டு இடங்களிலும் மருத்துவ அறிவு உருவானது. அந்த அறிவு ஒரு கூலித் தொழிலாளிக்குப் பயன்படுமா என்ற கேள்வி மூன்றாவது இடத்துக்கு உரியது.

குடலின் நீளக் கணக்கு

வளர்ந்தவரின் சிறுகுடல் ஆளுக்கு ஆள் மாறுபட்டு ஏறத்தாழ 3 மீட்டர் முதல் 8 மீட்டர் வரை நீளும். எஞ்சிய நீளம் 2 மீட்டருக்குக் குறையும்போது குறுங்குடல் நோய் என்று மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். எவ்வளவு வெட்டப்பட்டது என்பதைவிட எவ்வளவு மிஞ்சியது என்பதே முக்கியம். எந்தப் பகுதி மிஞ்சியது என்பதும் அதே அளவு முக்கியம். பெருங்குடல் முழுதாக இருந்து அதனுடன் சிறுகுடல் இணைக்கப்பட்டிருந்தால், குறைந்த நீளத்திலும் நோயாளி ஓரளவு சமாளிப்பார். பெருங்குடலும் போய், குடலின் நுனி வயிற்றுத் தோலில் திறந்து பையில் வடியுமானால் நிலைமை கடினம். பிரான்சில் 1999-இல் வெளியான ஆய்வொன்று இதை எண்களில் சொன்னது: குடல் நுனி வயிற்றில் திறப்பவர்களுக்கு 100 சென்டிமீட்டருக்கும், பெருங்குடலோடு இணைந்தவர்களுக்கு 65 சென்டிமீட்டருக்கும், சிறுகுடலின் கடைப்பகுதியும் அதன் வால்வும் தப்பியவர்களுக்கு 30 சென்டிமீட்டருக்கும் கீழே போனால் சிரைவழி ஊட்டத்தை நிரந்தரமாகச் சார்ந்திருக்க நேரிடும்.

காரணங்கள் வயதுக்கேற்ப மாறும். பச்சிளங் குழந்தைகளிடம் குடல் முறுக்கு, குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் குடல் அழுகல், பிறவிக் குடலடைப்பு ஆகியவை காரணமாகின்றன. மேலை நாடுகளில் பெரியவர்களிடம் கிரோன் நோய்க்கான தொடர் அறுவைகள் பெரும் பங்கு வகிக்கின்றன. இந்தியாவிலிருந்து வெளியான மருத்துவமனைத் தொகுப்புகளில் குடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும், கொண்டு வரும் குழாய்களில் ஏற்படும் உறைகட்டி அடைப்பே முன்னிற்கிறது. நேற்று வரை நன்றாக இருந்தவர் தாங்க முடியாத வயிற்று வலியுடன் வருவார். வயிற்றைத் திறந்தால் குடல் கறுத்திருக்கும். வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. சாலை விபத்தில் வயிற்றில் விழும் அடி குடலைத் தாங்கும் சவ்வைக் கிழிப்பதும் மற்றொரு காரணம். தொழிற்சாலை விபத்து என்றதும் நினைவுக்கு வருவது அழுத்து எந்திரத்தில் விரல் சிக்குவதுதான். வயிறு நசுங்குவது அரிது. ஆனால் நெடுஞ்சாலையில் கனரக வாகனங்களுக்கு நடுவே இரவுப் பணி முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும் பகுதியில் வயிற்றுக் காயம் அரிதல்ல.

வேலூரின் குடல் மரபு

குடல் இருந்தும் அது வேலை செய்யாமற் போவதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்பே அறிந்திருந்தது. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரு சிறு மருந்தகமாகத் தொடங்கிய அந்த நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடல் நோய் ஆய்வில் உலகம் கவனிக்கும் இடமாக வளர்ந்திருந்தது. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டச் சிற்றூர்களில் வெப்பமண்டல ஸ்புரூ என்ற நோய் கொள்ளைநோய் போலப் பரவியது. ஓயாத கழிச்சல், உணவிலுள்ள கொழுப்பும் வைட்டமினும் உடலில் சேராமை, மெலிவு, இறுதியில் மரணம். ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். செல்வின் பேக்கர், வி.ஐ. மத்தான் ஆகியோர் தலைமையில் வேலூர்க் குழுவினர் ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைக் கண்டு, குடல் சவ்வின் துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தனர். நோய்க்கான கிருமி இன்னதென்று உறுதிப்படவில்லை. ஆனால் குடல் உறிஞ்சாதபோது உடலில் எந்தச் சத்து முதலில் தீர்கிறது, எது பின்னர் தீர்கிறது என்பதைப் பற்றி உலகுக்குக் கிடைத்த அறிவில் கணிசமான பகுதி இந்த ஊர்களிலிருந்து வந்தது.

கொள்ளைநோய்க்குச் சற்று முன்பு, 1959-இல், அக்கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்று வெளியேறியவர் குர்ஷீத் ஜீஜீபாய். பின்னர் லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, 1960-களின் இறுதியில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். சிரைவழி ஊட்டத்தின் வரலாற்றில் நீங்காத இடம் அவருக்கு அங்கே கிடைத்தது.

சிரைவழி ஊட்டம் பிறந்த கதை

இரத்தக்குழாய் வழியே உணவூட்டும் எண்ணம் பழையது. தடையாக இருந்தது வேதியியல். உடலுக்குத் தேவையான கலோரி முழுவதையும் சர்க்கரைக் கரைசலாகக் கொடுத்தால் அது மிகவும் அடர்த்தியாகும். கையிலுள்ள சிறு சிரை ஒரே நாளில் வெந்து அடைத்துக்கொள்ளும். நீர்த்துக் கொடுத்தால் நோயாளி நீரில் மூழ்கிப்போவார். விடை பெரிய சிரையில் இருந்தது. அங்கே பாயும் இரத்தத்தின் அளவு அதிகம் என்பதால் அடர்த்தியான கரைசலும் உடனே கலந்து நீர்த்துவிடும். 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கைச் சிரை வழியாகத் தம் இதயத்துக்குள் தாமே குழாயைச் செலுத்திக் காட்டினார். 1952-இல் பிரெஞ்சு மருத்துவர் ரொபேர் ஒபானியாக், காறை எலும்பின் கீழுள்ள சிரைக்குள் ஊசி செலுத்தும் முறையை விவரித்தார். 1960-களின் தொடக்கத்தில் சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயும் முட்டையின் பாஸ்போலிப்பிடும் கொண்டு, இரத்தத்தில் பாதுகாப்பாகக் கலக்கும் கொழுப்புப் பால்மத்தை உருவாக்கினார்.

இவற்றை ஒன்றுசேர்த்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஸ்டான்லி டட்ரிக். வாயில் ஒன்றும் கொடுக்காமல் சிரை வழியாகவே ஊட்டி பீகிள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டிய பிறகு, 1967-இல் சிறுகுடல் ஏறக்குறைய முற்றிலும் அமையாமல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அதே முறையை அவரும் டக்ளஸ் வில்மோரும் கையாண்டனர். குழந்தை எடை கூடியது, வளர்ந்தது, பின்னர் இறந்தது. அது வரை அத்தகைய குழந்தை வளர்ந்ததே இல்லை. 1968-இல் வெளியான அந்த அறிக்கை மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஆனால் இது மருத்துவமனைப் படுக்கையோடு கட்டிய வாழ்வு. 1970-இல் டொராண்டோவில் இளம் தாய் ஒருவர் குடலின் இரத்தக்குழாய் அடைப்பால் சிறுகுடலை ஏறத்தாழ முழுவதும் இழந்தார். அன்றைய வழக்கப்படி செய்வதற்கு ஒன்றுமில்லை. ஜீஜீபாயும் அறுவை மருத்துவர் பெர்னார்ட் லாங்கரும் சிலிக்கோன் ரப்பர் குழாய் ஒன்றை இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரையில் பொருத்தினர். இரவில் கரைசலை ஏற்றி, காலையில் குழாயைக் கழற்றி மூடிவிடுவது என்ற முறையை நோயாளிக்கே கற்றுக்கொடுத்து, அவரை வீட்டுக்கு அனுப்பினர். 1973-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே செய்தி இருந்தது: வீட்டிலேயே 23 மாதங்கள், சிக்கல் ஏதுமின்றி. குழாய் வழியே ஒரு முறையும் கிருமி நுழையவில்லை என்பது ஊட்டம் வெற்றி பெற்றதற்கு இணையான செய்தி. அந்தப் பெண் அதன்பின் இந்த முறையிலேயே சுமார் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார். உணவே உண்ணாமல் நீண்ட காலம் வாழ்ந்தவர்களைக் கவனித்ததால் மனித ஊட்டவியலுக்கும் புதிய செய்திகள் கிடைத்தன. குரோமியம் என்ற உலோகம் சிறிதளவு இல்லாமற்போனால் சர்க்கரை நோய் போன்ற நிலையும் நரம்புத் தளர்ச்சியும் வரும் என்பதை இத்தகைய நோயாளி ஒருவரிடம்தான் ஜீஜீபாயின் குழு 1977-இல் கண்டறிந்தது.

குழாயே வாசல்

குழாய் வழியான தொற்றின் வழிகள் மூன்று. தோலில் வாழும் கிருமி குழாயின் வெளிப்புறத்தைப் பற்றி உள்ளே ஊர்ந்து செல்லலாம். குழாயின் முனையைத் திறந்து மூடும் கையிலிருந்து உட்புறமாகச் செல்லலாம். ஏற்றப்படும் கரைசலிலேயே இருக்கலாம். மூன்றாவது வழி அரிது, நிகழும்போது பேரிடராகிறது. 1970 நடுவிலிருந்து 1971 வரை அமெரிக்காவில் 25 மருத்துவமனைகளில் 378 நோயாளிகளுக்கு ஒரே வகைக் கிருமிகளால் இரத்தத் தொற்று ஏற்பட்டது. ஒரு நிறுவனத்தின் டிரிப்ஸ் பாட்டில் மூடியின் உட்புறப் படலத்தில் கிருமி இருந்தது என்று துப்பறிந்தபின்தான் அது நின்றது. 1972-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், சரிவர நுண்ணுயிர் நீக்கம் செய்யப்படாத குளுக்கோஸ் கரைசலால் நோயாளிகள் இறந்தனர். டிரிப்ஸ் என்றால் தூய்மையானது என்ற நம்பிக்கை அந்த ஆண்டுகளில் உடைந்தது.

முதல் வழியை அடைக்க 1973-இல் சியாட்டிலில் ஓர் எளிய உத்தி பிறந்தது. செயற்கைச் சிறுநீரகப் பணியால் புகழ்பெற்ற பெல்டிங் ஸ்க்ரிப்னரும் ஜான் புரோவியாக்கும் குழாயைத் தோலுக்கடியில் சிறிது தூரம் சுரங்கம் போலக் கொண்டுசென்று, அந்தச் சுரங்கத்துக்குள் டேக்ரான் துணியாலான சிறு பட்டையை வைத்தனர். உடலின் தசைநார் அந்தத் துணிக்குள் வளர்ந்து பற்றிக்கொள்ளும். வெளியிலிருந்து கிருமி ஊர்ந்து வர வழி இராது. 1979-இல் ராபர்ட் ஹிக்மன் சற்றுப் பெரிய குழாயை வடிவமைத்தார். இன்று புற்றுநோய்ப் பிரிவுகளில் நோயாளிகளின் மார்பில் காணப்படும் ‘ஹிக்மன் லைன்’ இதுவே.

இரண்டாவது வழியான கையைத் திருத்துவதற்கு நீண்ட காலம் ஆனது. வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் மருத்துவர்களின் கைகளைக் கழுவச் சொன்னது 1847-இல். ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத் தொற்றைத் தடுத்ததாக எழுதியது 1867-இல். ஆயினும் மையச் சிரைக்குழாய் செருகும்போது கையைக் கழுவு, முழு உடலையும் மூடும் துணி போர்த்து, தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடை, தொடைச் சிரையைத் தவிர், வேண்டாத குழாயை அன்றே எடு என்ற ஐந்து எளிய கட்டளைகளை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடைமுறைப்படுத்தி, அதன் பயனை பீட்டர் புரோனோவோஸ்ட் குழு எண்களில் காட்டியது 2006-இல்தான். ஆயிரம் கதீட்டர் நாள்களுக்கு 2.7 ஆக இருந்த தொற்றின் நடுமதிப்பு, மூன்று மாதங்களில் சுழியத்துக்கு வந்தது. புதிய மருந்து ஏதும் அதில் இல்லை. மருத்துவர் படியைத் தவறவிட்டால் செவிலியர் நிறுத்தலாம் என்ற அதிகாரம் மட்டும் புதியது.

‘ஆயிரம் கதீட்டர் நாள்’ என்ற அளவு சற்று விளக்கம் வேண்டுவது. ஒரே நோயாளி ஆயிரம் நாள் குழாயோடு இருப்பதும், நூறு நோயாளிகள் பத்துப் பத்து நாள் இருப்பதும் இக்கணக்கில் ஒன்று. வீட்டில் சிரைவழி ஊட்டம் பெறுவோரை நன்கு பயிற்றுவிக்கும் மையங்களில் இந்த எண் ஒன்றுக்கும் கீழே இருக்கிறது. அதாவது, சராசரியாக ஒருவர் இரண்டே முக்கால் ஆண்டுகளுக்கு ஒரு முறைகூடத் தொற்றுக்கு ஆளாவதில்லை. மருத்துவமனைக்குள் இருக்கும்போது எண் உயர்வதுதான் முரண். பல கைகள் படுகின்றன. அதே குழாயில் இரத்தம் எடுக்கப்படுகிறது, மருந்து செலுத்தப்படுகிறது.

குறுங்குடல் நோயாளிக்குக் கூடுதல் ஆபத்துகளும் உண்டு. வயிற்றுப் பையிலிருந்து வடியும் குடல்நீர், மார்பிலுள்ள குழாயின் கட்டை நனைக்கலாம். உணவு படாத குடல் சவ்வு மெலிந்து, குடல் கிருமிகள் இரத்தத்துக்குள் கசியலாம். கடைச்சிறுகுடலின் வால்வு போனவர்களுக்குப் பெருங்குடல் கிருமிகள் மேலேறிப் பெருகும். ஆகையால் இவர்களின் இரத்தத்தில் தோல் கிருமியான ஸ்டெபிலோகாக்கஸ் மட்டுமல்லாமல், குடல் கிருமிகளான கிளெப்சியெல்லா, ஈ. கோலை ஆகியவையும் கேண்டிடா பூஞ்சையும் வளர்கின்றன.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. கரைசல் ஏற்றத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். குழாயை நிறுத்தினால் தணியும். மழைக்காலத்தில் டெங்கு, டைஃபாய்டு என்று எண்ணிக் கடந்துவிடக் கூடிய அறிகுறி இது. சோதனை முறை எளியது. ஒரே நேரத்தில் குழாயிலிருந்தும் கையிலிருந்தும் இரத்தம் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குழாயில் எடுத்த இரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி வளர்ந்தால் குழாயே மூலம். ஸ்டெபிலோகாக்கஸ் ஆரியஸ் அல்லது கேண்டிடா என்றால் குழாயை எடுத்துவிட வேண்டும். வீரியம் குறைந்த தோல் கிருமி என்றால் குழாய்க்குள் மருந்தை நிரப்பிப் பூட்டி வைத்துக் காப்பாற்ற முயலலாம். காப்பாற்றுவதில் இத்தனை அக்கறை ஏனென்றால், மனித உடலில் இத்தகைய பெரிய சிரைகள் சிலவே. ஒவ்வொரு தொற்றிலும் ஒரு சிரை அடைபட்டால், சில ஆண்டுகளில் உணவூட்ட இடமே இராது.

தரமணி, 2010

செப்சிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அழுகல் என்று பொருள். ஹிப்பாக்ரடீஸ் காலத்திலிருந்து வழங்கும் அச்சொல்லுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 1991-இல் கூடிப் பொது வரையறை கண்டன. உறுப்புகளின் பழுதை மையமாக்கி 2016-இல் அது திருத்தப்பட்டது. 2017 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை செப்சிஸை உலகச் சிக்கலாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 4 கோடியே 89 இலட்சம் பேர் செப்சிஸுக்கு ஆளாயினர், 1 கோடியே 10 இலட்சம் பேர் அதனோடு தொடர்புடையவாறு இறந்தனர் என்று 2020-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

இந்த எண்களுக்குப் பின்னால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் நிற்கின்றன. அவற்றின் வரலாற்றில்தான் சென்னையின் பெயர் வருகிறது. புதுதில்லியில் மருத்துவம் பெற்றுத் திரும்பிய சுவீடன் நாட்டவர் ஒருவரிடம் 2008-இல் எடுத்த கிளெப்சியெல்லா கிருமியில், கார்பபெனம் என்ற உயர்நிலை ஆன்டிபயாட்டிக்குகளையும் சிதைக்கும் நொதி ஒன்று இருந்தது. என்.டி.எம்.-1 என்று அதற்குப் பெயரிட்டனர். 2010 ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ்’ இதழில் வெளியான கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி. அவர் தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக ஏ.எல். முதலியார் முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர். சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 நோயாளி மாதிரிகளில் அந்த மரபணு கண்டறியப்பட்டிருந்தது. நகரின் பெயரை நொதிக்குச் சூட்டியது குறித்து இந்தியாவில் கோபம் எழுந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றும் பேசப்பட்டது. பெயரைப் பற்றிய சண்டையில் கிருமியைப் பற்றிய பேச்சு சிறிது காலம் பின்தங்கிப் போனது வருந்தத்தக்கது.

இருப்பினும் 2012 ஆகஸ்ட் 24 அன்று இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடின. தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று உருவாக்கிய அந்த ஆவணம் ‘சென்னைப் பிரகடனம்’ என்று வழங்குகிறது. மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்பதைக் கட்டுப்படுத்துவது, மருத்துவமனைகளில் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு அமைப்பது, எட்டக்கூடிய படிகளாக முன்னேறுவது என்பன அதன் சாரம். 2013-இல் மத்திய அரசு அறிவித்த எச்1 அட்டவணை, 24 ஆன்டிபயாட்டிக்குகள் உட்பட 46 மருந்துகளின் விற்பனையைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

குறுங்குடல் நோயாளிக்கு இதன் பொருள் நேரடியானது. அவர் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர், பலமுறை ஆன்டிபயாட்டிக் பெற்றவர், குழாயோடு வாழ்பவர். எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமிக்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

கஞ்சியும் உப்பும்

குழாயைத் தூய்மையாக வைப்பதைவிடப் பாதுகாப்பானது, குழாய் தேவைப்படும் நாள்களைக் குறைப்பது. குடல் குறுகியவருக்கு ஓயாத தாகம் இருக்கும். உறவினர்கள் தண்ணீரும் இளநீரும் கொடுப்பார்கள். குடல் நுனி வயிற்றில் திறப்பவருக்கு அது கேடாக முடியும். உப்பில்லாத நீர் குடலுக்குள் போனதும் உடலின் சோடியத்தை இழுத்துக்கொண்டு பையில் வடிந்துவிடும். குடிக்கக் குடிக்க வறட்சி கூடும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. இவர்களுக்கு வேண்டியது குளுக்கோசும் போதுமான உப்பும் சேர்ந்த கரைசல். சர்க்கரையும் சோடியமும் ஒன்றாகவே குடல் சுவரைக் கடக்கும் என்ற கண்டுபிடிப்பே உப்பு-சர்க்கரைக் கரைசலின் அடிப்படை.

இதிலும் வேலூருக்குப் பங்குண்டு. 2000-இல் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் உடன் ஆய்வாளர்களும், சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, கழிச்சல் விரைந்து குறைவதைக் காட்டினர். செரிக்காத மாவு பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் கொழுப்பமிலங்களாக மாறும்போது பெருங்குடல் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சுகிறது. பெருங்குடல் மிஞ்சிய குறுங்குடல் நோயாளிகள் மாவுணவால் பயன்பெறுவதற்கும் இதே வழிமுறைதான் காரணம். உப்பிட்ட அரிசிக் கஞ்சி இந்த நோயாளிக்கு வெறும் பத்திய உணவல்ல. அது உடலில் தங்கும் ஒவ்வொரு லிட்டரும் குழாயின் வேலையைக் குறைக்கிறது.

எஞ்சிய குடல் மெல்லத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும். உட்சவ்வின் விரலிகள் நீண்டு, உறிஞ்சும் பரப்பு கூடும். இதற்கு ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். இந்த வளர்ச்சியைத் தூண்டும் டெடுகுளுடைடு என்ற ஊசிமருந்துக்கு 2012-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒப்புதல் அளித்தன. விலை மிக அதிகம்.

சிரைகள் தீர்ந்துபோனாலோ, செப்சிஸ் திரும்பத் திரும்ப வந்தாலோ, சிரைவழி ஊட்டத்தால் கல்லீரல் கெட்டாலோ குடல் மாற்று அறுவையே கடைசி வழி. 1980-களின் இறுதியில் ஜெர்மனியின் கீல் நகரிலும் கனடாவிலும் கிடைத்த வெற்றிகளுக்குப் பிறகு, டாக்ரோலிமஸ் மருந்தின் வருகையால் இது நடைமுறையானது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கொடை 2008-இல் அரசுத் திட்டமாயிற்று. அவ்வாண்டு சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைத் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் கொடையளித்தது மக்களிடையே இதற்குப் பெரிய ஏற்பைத் தந்தது. பின்னாளில் சென்னையின் தனியார் மருத்துவமனைகளில் சிறுகுடல் மாற்றும் நடைபெறத் தொடங்கியது. ஆனால் குடல் கிருமிகள் நிறைந்த உறுப்பு. அதை ஏற்க நோயெதிர்ப்பை அடக்க வேண்டும். எனவே செப்சிஸிலிருந்து தப்பச் செய்த இந்த அறுவைக்குப் பின்னும் தொற்றே முதன்மையான எதிரியாகத் தொடர்கிறது.

தொழிற்சாலைச் சாலையில்

இருங்காட்டுக்கோட்டையில் கொரிய கார் நிறுவனம் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் கைபேசித் தயாரிப்பு வந்தது. 2010-இல் ஒரகடத்தில் பிரெஞ்சு-ஜப்பானியக் கூட்டுக் கார் ஆலை எழுந்தது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊர்களுக்குத் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். இங்கே கடும் வயிற்று வலியோடு விழும் ஒருவர் தாலுகா மருத்துவமனைக்கோ, தண்டலத்திலுள்ள தனியார் மருத்துவக் கல்லூரிக்கோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னைக்கோ கொண்டு செல்லப்படுவார். குடலை வெட்டி உயிரைக் காக்கும் அறுவை இன்று எட்டும் தூரத்தில் இருக்கிறது. சிக்கல் அதற்கு அடுத்த மாதம் தொடங்குகிறது.

டொராண்டோப் பெண்ணின் வெற்றி வீட்டில் நிகழ்ந்தது. அந்த முறைக்கு ஓடும் நீர், குளிர்பதனப் பெட்டி, பிறர் கை படாத மேசை, மின்வெட்டு இல்லாத இரவு, கைகளைக் கழுவக் கற்ற ஒரு துணை ஆகியவை வேண்டும். சிரைவழி ஊட்டக் கரைசல், காற்றிலுள்ள தூசை வடிகட்டி ஒரே சீராகப் பாயவிடும் மேடையில் கலக்கப்படுகிறது. இந்தச் சீரோட்டத் தூய அறை முறையை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லிஸ் விட்ஃபீல்டு வடிவமைத்தது மின்னணு, எந்திர உதிரிப் பாகங்களைத் தூசின்றிப் பொருத்துவதற்காகத்தான். மருத்துவம் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டது. பணியிடத்தில் தொப்பியும் கையுறையும் அணிந்து தூசைத் தடுக்கப் பழகிய ஒரு மின்னணுத் தொழிலாளிக்கு, குழாய் முனையைத் தொடும் முன் செய்யவேண்டியவற்றைக் கற்பிப்பது கடினமல்ல. அவர் தங்கும் அறைதான் கடினம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, பெண் தொழிலாளர்களுக்கான சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அது புதிய, ஒழுங்கான கட்டடம். பிறர் வாடகைக்கு எடுத்த வீடுகளில் ஆளுக்கொரு பாயோடு தங்குகின்றனர். இரண்டிலும் அறை பலருக்குப் பொது.

வருமானக் கணக்கும் உடலின் கணக்கோடு பொருந்தவில்லை. 1948-இன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், 1955-இல் கோயம்புத்தூரில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கு வந்தது. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதில் அடங்குவர். மருத்துவச் செலவோடு, நோயுற்ற காலத்தில் ஊதியத்தின் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். பட்டியலிட்ட நெடுநோய்களுக்கு மட்டுமே அது நீட்டிக்கப்படுகிறது. குடல் தன்னைத் தகவமைத்துக்கொள்ள எடுக்கும் காலமோ 365 முதல் 730 நாள். 92-ஆம் நாளில் சொந்த ஊருக்கு இரயிலேறும் நோயாளி, தம் குழாயைப் பற்றி அறிந்த மருத்துவர்களை விட்டு நீங்குகிறார். அடுத்த காய்ச்சலின்போது அவரைப் பார்ப்பவர் அந்தக் குழாயை முதன்முதலாகக் காண்பவராக இருப்பார்.

அதனால்தான் இந்நோயாளிகளை அனுப்பும் மையங்கள் சில குறிப்புகளைக் கையில் எழுதிக் கொடுக்கின்றன. எஞ்சிய குடலின் நீளம், குழாய் பொருத்திய நாள், முன்பு வளர்ந்த கிருமி, அதற்குக் கேட்ட மருந்து. கூடவே மூன்று வரிகள்: காய்ச்சல் வந்தால் கரைசலை உடனே நிறுத்தவும், ஆன்டிபயாட்டிக் போடும் முன் குழாயிலும் கையிலும் இரத்தம் எடுக்கவும், ஊட்டம் செல்லும் வழியில் வேறெந்த மருந்தும் செலுத்த வேண்டாம்.